காதுக்காகச் செய்யும் நிகழ்ச்சிக்குக் கேமரா எதற்கு?

கேள்வி: மறைந்துவரும் கைத்தொழில்களைப் பற்றி நானும் என் நண்பரும் தமிழில் ஒரு ஆடியோ பாட்காஸ்ட் நடத்துகிறோம். நாற்பது எபிசோட் முடிந்துவிட்டது. கேட்பவர்கள் மனதாரப் பாராட்டுகிறார்கள், ஆனால் எண்ணிக்கை ஏறவே இல்லை. பார்ப்பவர்கள் எல்லாம் "வீடியோ போடுங்கள்" என்கிறார்கள். போட வேண்டுமா? போட்டால் எப்படி? கையில் இருப்பது இரண்டு போன், ஒரு நல்ல மைக் செட், வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவ்வளவுதான்.

பதில்:

போடுங்கள். ஆனால் எதற்காகப் போடுகிறீர்கள் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்களை இதுவரை கேட்டிராத ஒருவர் கண்ணில் படுவது ஒரு வேலை. ஏற்கெனவே கேட்கிறவருக்கு நல்ல எபிசோட் கொடுப்பது இன்னொரு வேலை. வீடியோ முதல் வேலையை அருமையாகச் செய்யும். இரண்டாவதை உங்கள் ஆடியோ ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. நான் பத்து வருஷத்துக்கு மேலாக ஒலி எடிட்டிங் செய்கிறேன், ஐந்தாறு பாட்காஸ்டுகளுக்கு வீடியோ சேர்க்க உதவியிருக்கிறேன். வீடியோவில் இறங்கி ஆறே மாதத்தில் சோர்ந்துபோனவர்கள் எல்லோருமே இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டவர்கள்தான்.

உங்கள் எண்ணிக்கை ஏறாததற்கு உங்கள் நிகழ்ச்சியின் தரம் காரணமில்லை என்று நினைக்கிறேன். பாட்காஸ்ட் என்ற ஏற்பாடே அப்படி அமைந்தது. 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்டைச் சேர்த்தபோதும் சரி, இன்றும் சரி, அடியில் ஓடுவது ஆர்எஸ்எஸ் ஃபீட். 'இவர்களை நான் கேட்கப் போகிறேன்' என்று முடிவு செய்துவிட்ட ஒருவருக்குப் புது எபிசோடைத் தவறாமல் கொண்டுசேர்ப்பதுதான் அதன் வேலை. முன்பின் தெரியாத ஒருவரைத் தேடிப் போய்க் கதவைத் தட்டும் சக்தி அதற்குக் கிடையாது. தவிர, ஒலியை மேலோட்டமாகப் புரட்டிப் பார்க்கவும் முடியாது. பத்திரிகை என்றால் கடையில் நின்றபடியே நாலு பக்கம் தள்ளிப் பார்க்கலாம். நாற்பது நிமிட ஒலிப்பதிவில் எந்த இடம் நன்றாக இருக்கும் என்று புதிதாக வருகிறவருக்கு எப்படித் தெரியும்? அவரால் ருசி பார்க்க முடியவில்லை, அதனால் நகர்ந்துவிடுகிறார்.

பெரிய நிகழ்ச்சிகளுக்கும் இதே கதைதான். அமெரிக்கப் பாட்காஸ்டர் ஜோ ரோகன் 2020-ல் ஸ்பாட்டிஃபை செயலியோடு ஒப்பந்தம் போட்டு, யூடியூபில் முழு எபிசோடுகள் போடுவதை நிறுத்தினார். 2024-ல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது அந்தத் தனி உரிமை போய்விட்டது, எபிசோடுகள் திரும்பவும் யூடியூபுக்கு வந்தன. உலகத்திலேயே அதிகம் கேட்கப்படும் நிகழ்ச்சிகளில் ஒன்றுக்கே அந்த வாசல் வேண்டியிருந்தது. அதே 2024-ல் கூகுள் தன்னுடைய தனி பாட்காஸ்ட் செயலியை மூடிவிட்டு, எல்லோரையும் யூடியூப் மியூசிக் பக்கம் அனுப்பியது. மாதம் நூறு கோடிப் பேருக்கு மேல் தங்கள் தளத்தில் பாட்காஸ்ட் பார்க்கிறார்கள், கேட்கிறார்கள் என்று 2025 பிப்ரவரியில் யூடியூப் அறிவித்தது. இது அவர்கள் சொல்லும் கணக்கு. அதை அப்படியே எடுத்துக்கொள்ளாவிட்டாலும், கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்பது தெளிவு.

சரி, அப்போது ஒவ்வொரு எபிசோடையும் முழு வீடியோவாக எடுத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். உங்களிடம் இருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் பேசுவதை இரண்டு போனில் எடுத்து, கோணம் மாற்றி வெட்டி, ஒலியைச் சேர்த்து, நிறம் சரிசெய்து ஏற்றுவதற்குள் அடுத்த வாரம் வந்துவிடும். அடுத்த விருந்தினரைத் தேடவும், அவர் தொழிலைப் பற்றிப் படிக்கவும் இருந்த நேரம் அதில் கரைந்துவிடும். நிகழ்ச்சியின் உயிரே அந்தத் தயாரிப்பில்தான் இருக்கிறது.

நான் சொல்வது இதுதான். எல்லா எபிசோடுக்கும் ஓரிரு குட்டி கிளிப். கண்ணால் பார்த்தால்தான் புரியும் என்ற தொழிலுக்கு மட்டும், மாதம் ஒன்று என்ற கணக்கில், முழு வீடியோ. மற்றவை ஆடியோவாகவே இருக்கட்டும்.

எது கண்ணுக்கானது என்று எப்படிப் பிரிப்பது? உங்கள் தலைப்புகளையே எடுத்துக்கொள்வோம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர். பாத்திரத்தை அடுப்பில் காயவைத்து, நவச்சாரத்தைத் தூவுகிறார். குபுகுபுவென்று வெள்ளைப் புகை எழுகிறது. ஈயத்தை உருக்கி விட்டுத் துணியால் ஒரு சுற்று துடைக்கிறார், கறுத்துக் கிடந்த உட்புறம் ஒரே நொடியில் வெள்ளியாகப் பளபளக்கிறது. அந்த இடத்தை எந்த வார்த்தையாலும் ஈடுகட்ட முடியாது. யாரும் பேசவே வேண்டாம், முப்பது விநாடி அப்படியே போடலாம். பத்தமடையில் பாய்க்காகக் கோரையை மெல்லிசாகக் கிழிக்கும் விரல்களும் அப்படித்தான். நரசிங்கம்பேட்டையில் பழைய வீடுகளிலிருந்து வந்த ஆச்சா மரத்தை நாதஸ்வரமாகக் கடைவதும் அப்படித்தான்.

ஆனால் ஒரு பழைய அச்சகத்தில் முப்பது வருஷம் எழுத்துக் கோர்த்தவர், அந்த அச்சகம் மூடப்பட்ட நாளைப் பற்றிச் சொல்கிறார் என்றால், அது காதுக்கானது. இருட்டில் கேட்டால் இன்னும் ஆழமாக இறங்கும். அவர் முகத்தில் கேமராவை நிறுத்தினால், பாதிப் பேச்சு அவர் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். இது நான் நேரில் கண்டது. மைக் முன்னால் மணிக்கணக்கில் தடையில்லாமல் பேசிய ஒரு பெரியவர், ட்ரைபாடில் போனை ஏற்றிய மறுநிமிடம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, மேடைத் தமிழில் பேச ஆரம்பித்தார். கேமராவை எடுத்த பிறகும் பழைய பேச்சு அன்றைக்குத் திரும்பவில்லை. அந்தப் பதிவை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அதிலிருந்து நான் ஒரு முறை வைத்திருக்கிறேன்: முதலில் ஆடியோ மட்டும் பதிவு செய்வது, பேச்செல்லாம் முடிந்து காபி குடித்த பிறகு பத்து நிமிடம் கைகளை மட்டும் படமெடுப்பது. கைகள் வெட்கப்படுவதில்லை.

இப்போது கிளிப்புக்கு வருகிறேன். நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இதுதான், பலர் அவசரப்படுவதும் இங்கேதான்.

கிளிப் என்பது எபிசோடுக்கான விளம்பரம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். "இந்த வாரம் நம்மோடு பேச வந்திருப்பவர்..." என்று தொடங்கும் எதையும் விரல் நிற்காமல் தள்ளிவிடும். நிகழ்ச்சியின் இசை, லோகோ, வணக்கம் எல்லாம் வெளியே போகட்டும். நேராகப் பதிலின் நடுவில் இறங்குங்கள். ஈயம் பூசுகிறவர், "பாத்திரம் காஞ்சிருச்சான்னு தொட்டெல்லாம் பாக்க மாட்டோம், வாசனை வரும்" என்று சொல்கிறார் என்று வையுங்கள். அதுதான் முதல் வாக்கியம். அதற்கு முன்னால் நீங்கள் கேட்ட கேள்விகூட வேண்டாம். இதற்குப் பதிவின்போதே ஒரு சின்ன வேலை இருக்கிறது. அவர் "ஆமாமா, அது வாசனையிலேயே தெரிஞ்சுரும்" என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டால், கேள்வி இல்லாமல் அந்தப் பதில் நிற்காது. "ஐயா, எது வாசனையில தெரியும்? புதுசா கேக்குறவங்களுக்குக் கொஞ்சம் விளக்கமா சொல்லுங்களேன்" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். ஒத்திகை பார்த்த மாதிரி ஆகக் கூடாது, ஒரு முறைக்கு மேல் கேட்கவும் கூடாது.

எந்தத் துண்டை எடுப்பது? எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து தேடினால் கிடைக்காது. அப்போது எல்லாமே நன்றாக இருப்பதுபோலத் தோன்றும், அல்லது எல்லாமே அலுத்துப்போயிருக்கும். நீங்கள் இரண்டு பேர் இருப்பது பெரிய வசதி. ஒருவர் பேட்டி எடுக்கட்டும், இன்னொருவர் ஒரு நோட்டில் நேரத்தைக் குறிக்கட்டும். தன்னை அறியாமல் 'அட' என்று நிமிர்ந்து உட்கார்ந்த நிமிடத்தை மட்டும். நாற்பது நிமிடப் பேச்சில் அப்படி நாலைந்து இடம் வரும். வீட்டுக்கு வந்து அந்த நாலைந்தை மட்டும் கேட்டு, சூழ்நிலை தெரியாமலேயே புரிகிற இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்ததைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எந்த விளக்கமும் இல்லாமல் போட்டுப் பாருங்கள். கைகூப்பும் எமோஜி வந்தால் அது மரியாதை. "அப்புறம் என்ன ஆச்சு?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் அதுதான் கிளிப்.

பதிலைப் பாதியில் வெட்டி 'மீதியை எபிசோடில் கேளுங்கள்' என்று போடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அதை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். ஏமாற்றப்பட்டதாக உணரும் ஆள் உங்கள் பெயரை அந்த எரிச்சலோடுதான் நினைவில் வைத்துக்கொள்வார். நாற்பத்தைந்து விநாடியில் ஒரு விஷயத்தை முழுதாகக் கொடுங்கள். முழுதாகக் கொடுத்தால்தான், 'இவ்வளவு தெரிந்த மனிதர் இன்னும் என்னவெல்லாம் சொல்லியிருப்பார்' என்ற ஆசை வரும். யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை இருக்கலாம் என்று ஆனது. ஆனாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிப்பதை விரும்புகிறேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் துண்டாகாமல் போகும் என்பதும் ஒரு காரணம். நம் ஊரில் நடுத்தர வயதுக்காரர்கள் நல்ல விஷயத்தை ஒருவருக்கொருவர் கடத்துவது அதிகமும் அந்த வழியில்தான், உங்கள் நிகழ்ச்சிக்கு மிகவும் பொருத்தமானவர்களும் அவர்கள்தான்.

ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் ஏராளம், ஆகவே எழுத்து திரையில் வரவேண்டும். தானாக உருவாகும் எழுத்தை நம்பி அப்படியே விடாதீர்கள். ஊர்ப் பெயர், கருவியின் பெயர், வட்டாரச் சொல் எல்லாவற்றையும் அது சிதைக்கும். சீவாளி (நாதஸ்வரத்தில் வாய்வைத்து ஊதும் பகுதி) என்ற சொல் தப்பாக வந்தால், அந்தத் தொழிலைப் பற்றிய நிகழ்ச்சிக்கே அது அவமானம். கையால் திருத்துங்கள். பேச்சு வழக்கை எழுத்துத் தமிழாக மாற்றாதீர்கள், அவர் சொன்னபடியே இருக்கட்டும். எழுத்தைத் திரையின் அடிமட்டத்தில் வைக்க வேண்டாம். ஷார்ட்ஸிலும் ரீல்ஸிலும் கீழே தலைப்பும், வலப்பக்கம் லைக் பொத்தான்களும் உட்கார்ந்துகொள்ளும். நடுவுக்குச் சற்றுக் கீழே, இரண்டு வரிக்கு மிகாமல் வையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஒரு வரியில் மூன்று சொல் வந்தாலே அதிகம்.

அடுத்தது, கிளிப் பார்த்தவர் எபிசோடுக்கு எப்படி வருவார் என்பது. பெரும்பாலானவர்கள் வரமாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் மனம் உடையாது. வருகிற கொஞ்சம் பேருக்காவது வழி அடைபடாமல் இருக்க வேண்டும். ஷார்ட்ஸின் கமெண்டிலும் டிஸ்கிரிப்ஷனிலும் கொடுக்கும் லிங்க்கை 2023 ஆகஸ்ட் முடிவிலிருந்து யூடியூப் வேலை செய்யவிடாமல் செய்துவிட்டது. அதைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. ஆனாலும் இன்றைக்கும் பலர் அங்கே லிங்க் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பதிலாக யூடியூப் ஸ்டுடியோவில் ஒவ்வொரு ஷார்ட்ஸுக்கும் 'தொடர்புடைய வீடியோ' என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. அங்கே உங்கள் முழு எபிசோடைக் கொடுங்கள். இன்ஸ்டாகிராமிலும் பதிவின் கீழ் எழுதும் லிங்க் வெறும் எழுத்தாகத்தான் நிற்கும், முகப்பில் உள்ள லிங்க்கைத்தான் நம்ப வேண்டும்.

லிங்க் இவ்வளவு பலவீனமாக இருப்பதால், எஞ்சி நிற்பது உங்கள் நிகழ்ச்சியின் பெயர்தான். பார்த்தவர் அதை மனதில் வைத்து, பிறகு ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது தேட வேண்டும். பெயர் கிளிப் முழுக்க ஓர் ஓரத்தில் சிறிதாக நிற்கட்டும், ஏனென்றால் யார் யாரோ பதிவிறக்கி எங்கெங்கோ அனுப்புவார்கள். தமிழில் ஒரே எழுத்துக்கூட்டல், ஆங்கில எழுத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல், எல்லாத் தளத்திலும் அதுவே. நம் ஆட்களில் பலர் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறார்கள். ஆகவே விருந்தினரின் தொழிலையும் ஊரையும் இரண்டு எழுத்திலும் டிஸ்கிரிப்ஷனில் எழுதிவிடுங்கள். ஆடியோ செயலிகளில் கண்டுகொள்ளப்படாத இந்தச் சின்ன வேலை யூடியூபில் பலன் தரும்.

முழு வீடியோ எடுக்கும் மாதத்துக்கான சில தொழில்நுட்ப விஷயங்கள். கேமரா வாங்காதீர்கள். உங்கள் இரண்டு போன் போதும், இரண்டு ட்ரைபாடும் ஒரு விளக்கும் மட்டும் வாங்கினால் போதும். பின்பக்கக் கேமராவில் எடுங்கள், லென்ஸை வேட்டி நுனியாலாவது துடைத்துவிட்டு எடுங்கள். போன் 4கே எடுக்குமென்றால் படுக்கைவாக்கில் 4கே-யிலேயே எடுங்கள். காரணம் சாதாரணக் கணக்குதான். 4கே படத்தின் உயரம் 2160 புள்ளி. அதிலிருந்து ஷார்ட்ஸுக்கான நெடுக்குச் சட்டத்தை வெட்டினால் 1215 புள்ளி அகலம் கிடைக்கும். ஷார்ட்ஸுக்குத் தேவை 1080 அகலம், 1920 உயரம், ஆக வெட்டிய பிறகும் படம் தெளிவாக இருக்கும். 1080பி-யில் எடுத்து வெட்டினால் அகலம் 600 புள்ளி சொச்சம்தான் மிஞ்சும், படம் மசமசவென்று ஆகிவிடும். 4கே-க்கு இடம் நிறைய வேண்டும். ஐபோனின் வழக்கமான அமைப்பில், விநாடிக்கு 30 ஃப்ரேமில், ஒரு நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி, அதாவது ஒரு மணி நேரத்துக்கு 10 ஜிபி. கிளம்புவதற்கு முன் போனைக் காலி செய்துகொண்டு போங்கள், ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். பட்டறை அடுப்புக்குப் பக்கத்தில் போன் சூடேறித் தானே நின்றுபோகும், அதையும் கவனியுங்கள்.

பட்டறைகளில் பழைய ட்யூப்லைட் இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் அந்த விளக்கு விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். படத்தில் பட்டை பட்டையாக ஓடும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் நிறுத்தினால் போய்விடும். போனின் சொந்தச் செயலியில் அந்த வசதி இல்லையென்றால் ஷட்டரைக் கையால் அமைக்கவிடும் வேறு கேமரா செயலி ஒன்றை ஏற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வாசல் பக்கம், பகல் வெளிச்சத்தில் உட்காரவையுங்கள். எனக்குப் பிடித்தது இதுதான், முகமும் அழகாக வரும்.

இன்னொன்று எனக்கு இரண்டு முழு நாட்களைத் தின்ற விஷயம். ஒலியை மைக் ரெக்கார்டரிலும் படத்தைப் போனிலும் எடுத்தோம். தொடக்கத்தில் கைதட்டி, அந்தச் சத்தத்தை வைத்து இரண்டையும் பொருத்தினோம். முதல் பத்து நிமிடம் கச்சிதம். ஒரு மணி நேரம் போனபோது உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். பெரும்பாலான போன்கள் ஃப்ரேம் வேகத்தை ஒரே சீராக வைத்திருப்பதில்லை; எடிட்டிங் மென்பொருள் சீராக இருப்பதாக நினைத்துக்கொள்கிறது, அங்கேதான் விலகல். எடிட் செய்வதற்கு முன் ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் மாறாத ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ரெக்கார்டரின் சாம்பிள் ரேட்டை 44.1-ல் வைக்காமல் 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி, மீண்டும் கைதட்டித் தொடங்குங்கள். எவ்வளவு விலகினாலும் அந்தத் துண்டோடு போகும்.

படம் சுமாராக இருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஒலி கெட்டால் நகர்ந்துவிடுவார்கள். வீடியோ எடுக்கிறோம் என்ற பரபரப்பில் மைக்கைத் தூரத் தள்ளுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. மைக் படத்தில் தெரிந்தால் என்ன? தெரியட்டும், அது பாட்காஸ்ட்தானே. மின்விசிறியை அணையுங்கள். பட்டறையில் ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓடினால் பணிவாகக் கேட்டு நிறுத்திவிடுங்கள். பின்னணியில் ஒலிக்கும் பாட்டைக்கூட யூடியூபின் காப்புரிமைச் சோதனை பிடித்துவிடும்.

கேமரா வந்தால் பேட்டி எடுக்கும் முறையிலும் ஒரு ஆபத்து சேர்ந்து வரும். விருந்தினர் ஒரு கருவியைத் தூக்கிக் காட்டி, "இதை இப்படிப் போட்டு, இப்படித் திருப்பணும்" என்பார். நீங்களும் தலையாட்டுவீர்கள். வீடியோவில் அழகாக இருக்கும். ஆடியோவில் கேட்கிற, உங்களை இத்தனை நாள் தாங்கிப்பிடித்த அந்தச் சில நூறு பேருக்கு ஒன்றும் புரியாது. உடனே நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "ஐயா கையில ஒரு சாண் நீளத்துல இரும்புக் கம்பி இருக்கு, நுனி மட்டும் கரண்டி மாதிரி வளைஞ்சிருக்கு." கிரிக்கெட்டுக்கு ரேடியோ வர்ணனை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சுலபமாக வரும். இந்தப் பழக்கத்தை மட்டும் தவறவிட்டீர்கள் என்றால், புதியவர்களைத் தேடப்போய்ப் பழையவர்களை இழந்துவிடுவீர்கள்.

ஏற்கெனவே இருக்கும் நாற்பது எபிசோடை என்ன செய்வது? ஆர்எஸ்எஸ் ஃபீடைக் கொடுத்தால் யூடியூபே அட்டைப்படத்தை அசையாத படமாக வைத்து எல்லாவற்றையும் ஏற்றிவிடும். ஏற்றி வைப்பதில் தப்பில்லை, தேடி வருகிறவருக்குக் கிடைக்கும். ஆனால் அது கூட்டத்தை இழுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒலி அலை ஆடுவதுபோல் செய்யும் கிளிப்பிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. அதைவிட, விருந்தினரின் பழைய புகைப்படம் நாலைந்து வாங்கி, அவர் குரலின் மேல் ஓடவிடுங்கள். ஒரு மனிதரின் இருபத்தைந்து வயது முகத்தைப் பார்த்துக்கொண்டே அவருடைய எழுபது வயதுக் குரலைக் கேட்பதில் ஒரு நெகிழ்ச்சி இருக்கிறது.

ஸ்பாட்டிஃபையில் வீடியோ ஏற்றும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே நேரடியாக வீடியோ ஏற்றினால், பொதுவாக அந்த எபிசோடுக்கு உங்கள் ஃபீடிலிருந்து போகும் ஒலியின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். அப்போது உங்கள் எபிசோடுகளைச் சேமித்து வழங்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் கணக்கில் அந்தக் கேட்புகள் விழாது, ஹோஸ்டிங் வழியாக நுழைக்கும் விளம்பரமும் அங்கே ஓடாது. விளம்பரதாரருக்கு எண்ணிக்கை காட்ட வேண்டிய நிலையில் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். தொடக்கத்தில் யூடியூப் மட்டும் போதும்.

எண்ணிக்கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை ஆளை மயக்கும். 2025 மார்ச் கடைசியிலிருந்து ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே அது ஒரு வியூ. எவ்வளவு நேரம் பார்த்தார் என்ற வரம்பே இல்லை. பாட்காஸ்ட் உலகில் பொதுவாகப் பின்பற்றும், இணைய விளம்பரத் துறை அமைப்பான ஐஏபி-யின் விதிப்படி, குறைந்தது ஒரு நிமிட அளவுக்கு ஒலி இறங்கியிருந்தால்தான் ஒரு டவுன்லோடு. இரண்டையும் பக்கத்தில் வைத்து 'அங்கே பத்தாயிரம், இங்கே முந்நூறு' என்று ஒப்பிட்டு மனம் தளராதீர்கள். வெறும் தள்ளிவிட்ட விரல்களும் அந்தப் பத்தாயிரத்தில் உண்டு. வருமானத்துக்கு யூடியூப் கேட்கும் ஆயிரம் சப்ஸ்கிரைபர், ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரம் என்ற கணக்கிலும் ஷார்ட்ஸ் ஓடையில் பார்த்த நேரம் சேராது.

நான் பார்ப்பது மூன்றே மூன்று விஷயம். கிளிப் போட்ட வாரத்தில் ஆடியோ செயலிகளில் பின்தொடர்வோர் கூடினார்களா. முழு வீடியோவில் எந்த நிமிடத்தில் ஆட்கள் எழுந்து போகிறார்கள். பெரும்பாலும் அது நம்முடைய நீண்ட முன்னுரையாகத்தான் இருக்கும், அடுத்த முறை அதை வெட்டிவிடலாம். மூன்றாவது, எழுதுகிறவர்களிடம் "எங்கே கேள்விப்பட்டீர்கள்?" என்று கேட்பது. பன்னிரண்டு வாரம் இப்படிக் குறித்துக்கொண்டே வாருங்கள். அதற்கு முன் முடிவு எடுக்காதீர்கள். பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகும் அசைவே இல்லையென்றால் கிளிப் தேர்வை மாற்றிப் பாருங்கள், கேமராவை மாற்றுவதில் பயனில்லை.

கடைசியாக, அனுமதி. உங்கள் விருந்தினர்கள் குரலுக்குச் சம்மதித்தவர்கள். முகத்துக்கும் வீட்டுக்கும் பட்டறைக்கும் அந்தச் சம்மதம் பொருந்தாது. கிளிப் என்பது அவர்கள் பேச்சிலிருந்து பிய்த்தெடுத்த ஒரு நிமிடம், யார் யாரோ கீழே என்னென்னவோ எழுதுவார்கள். போடுவதற்கு முன் அந்த ஒரு நிமிடத்தை அவரிடமே போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம், காரணம் கேட்க வேண்டியதில்லை. கமெண்டுகளை முதல் இரண்டு நாள் நீங்களே படித்து, மனதைப் புண்படுத்துவதை நீக்குங்கள். அவருடைய பேரப்பிள்ளைகள் அதைப் பார்ப்பார்கள்.

முதல் எட்டு வாரத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: வாரம் ஒரு ஆடியோ எபிசோட் வழக்கம்போல, அதிலிருந்து இரண்டு கிளிப், எட்டு வாரத்தில் இரண்டே இரண்டு முழு வீடியோ. முழு வீடியோவுக்கு ஈயம் பூசுகிறவரையோ பாய் நெய்கிறவரையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிறு மட்டும் புதிய பதிவு எதுவும் வேண்டாம். ஏற்கெனவே பேசியவர்களில் வயதில் மூத்த இரண்டு பேரிடம் போனை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பப் போங்கள். கேள்வி கேட்காமல், அவர்கள் வேலை செய்யும் கைகளை அரை மணி நேரம் படமெடுத்து, இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தி வையுங்கள். அதிலிருந்து கிளிப் எப்போது போட்டாலும் பரவாயில்லை.